இன்றைய தலையின் அளவு

ஐம்பத்திரண்டரை. நெஞ்சில் ரெகுலா என்று பெயர் குத்தியிருக்கிற இந்தக் கடைப்பெண் அளவுநாடாவை என் மகளின் தலையைச் சுற்றிப் பிடித்து, நம்பிக்கையில்லாமல் இரண்டாம் தரமும் அளந்துவிட்டு, ஐம்பத்திரண்டரை சென்டிமீட்டர் என்கிறாள். நாடா அந்தத் தழும்பின் மேலாலேயே போகிறது. இடது புருவத்துக்கு ஒரு விரல் மேலே, ஏழு தையல் போட்ட தழும்பு. ரெகுலா அதைக் கண்டாள், கண்டது எனக்குத் தெரியும், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாட்டுச் சனம் அப்படித்தான். எங்கள் ஆட்களென்றால் இதற்குள் என்ன நடந்தது, எப்ப நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, இனிப் பொம்பிளைப் பிள்ளையின் முகத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு முடித்திருப்பார்கள். கேட்காதது நல்லதுதான். ஆனாலும் கேட்காமல் விட்ட கேள்வி கடைக்குள்ளே எங்கோ நிற்கிறது. ஒரு தலைக்கு ஓர் எண் இருக்கிறது என்பதும், அதை ஐந்து செக்கனில் அறிந்துவிடலாம் என்பதும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னால் அது பொய். பெட்டியில் எழுதியிருந்தது. போன வருடம் நான் வாங்கிய பனிச்சறுக்கு ஹெல்மெட்டின் பெட்டியில் ஒரு தலையின் படமும், அதைச் சுற்றி ஒரு கோடும், ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வரை என்றும் போட்டிருந்தது. நான் அளக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில், பாலும் வெங்காயமும் வாங்கப் போன கடையில், குளிர்காலச் சாமான் போட்டிருந்த தட்டில் இரண்டு சைஸ் இருந்தன. சின்னதைக் கையில் எடுத்தேன், திருப்பிப் பார்த்தேன், வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தேன். எடுத்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட சந்தோசம்.

வளருற பிள்ளை. இந்த இரண்டு சொல்லால்தான் எங்கள் வீட்டில் எல்லாம் வாங்கப்படுகிறது. மகள் சாருகாவின் குளிர்ச் சட்டையின் கை முதல் வருடம் விரல் நுனியைத் தாண்டித் தொங்கும், இரண்டாம் வருடம் சரியாக இருக்கும், மூன்றாம் வருடம் மணிக்கட்டு தெரியும். அந்த நடு வருடத்துக்காகத்தான் மற்ற இரண்டு வருடமும் பிள்ளை சிரிப்புக்கிடமாகத் திரிவது. சப்பாத்தின் முனையில் பஞ்சு. பாவாடையின் விளிம்பில் நாலு விரல் மடிப்பு. என் மனைவி வதனி தன் பிளவுசுகளைக்கூட இரண்டு பக்கமும் தையலுக்குள்ளே துணி விட்டுத்தான் தைப்பிப்பாள், வளருற மனுசி என்று நான் பகிடி பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அளவாக ஒரு பொருளை வாங்குகிறவனைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம், நாளையைப் பற்றி யோசிக்காதவன் என்று. நான் யோசித்தேன். நாளைக்கு, அடுத்த வருடத்துக்கு, அதற்கடுத்த வருடத்துக்கு எல்லாம் யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் யோசிக்கவில்லை. இப்போது ரெகுலா நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறாள், பத்து வயதுக்குப் பிறகு தலை பெரிதாக வளராது, கால்தான் வளரும், கைதான் வளரும், பெற்றோர்கள் அதை நம்புவதில்லை என்று. சிரித்துக்கொண்டு சொல்கிறாள். நானும் சிரிக்கிறேன். வளராது. ஒரு வருடம் கழித்தும் இந்தத் தலை அந்த ஹெல்மெட்டுக்குள் நிறையவில்லை, இன்னும் ஐந்து வருடம் போனாலும் நிறைந்திருக்காது. உடம்பிலே வளராத ஒரே இடத்துக்குத்தான் நான் பெரிதாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

‘ஹெல்மெட் இன்றைய தலைக்குத்தான்’ என்கிறாள் ரெகுலா, என்னைப் பார்த்து, மெதுவான ஜெர்மன் மொழியில், எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. சாருகாவோடு அவள் இந்த ஊர்ப் பேச்சில் கதைக்கிறாள், அது வேகமாகப் போகிறது, பாதிதான் எனக்குப் பிடிபடுகிறது. பள்ளிக்கூடத்தின் பனி முகாம் வருகிற திங்கட்கிழமை. ஐந்து நாள் மலையில். பனிச்சறுக்குப் பலகையா, இரண்டு காலிலும் கட்டுகிற இரட்டைக் கட்டையா என்று கேட்டு ஒரு தாள் வந்தது. மூன்று கிழமை அது குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழே கிடந்தது. போகமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, விரும்பினேன். போகாவிட்டால் ஹெல்மெட் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாமென்றால் கதையும் வேண்டாம். ஒருநாள் காலையில் பார்த்தால் பலகைக்கு நேரே கட்டத்துக்குள் புள்ளடி போட்டிருந்தாள். ‘இந்தமுறை நான் கவனமா இருப்பன் அப்பா’ என்றாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

கவனமாக இருப்பாளாம். போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் கவனமாகத்தான் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தமிழ்ச் சங்கத்தின் பனிப் பயணம், நாற்பத்தாறு பேர் ஒரு பஸ்ஸில், தின்னப் பொரித்த ரோல்ஸ் இரண்டு பெட்டி, தேத்தண்ணிப் போத்தல் எத்தனையோ. வதனிக்கு வேலை, வரவில்லை. பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவின் அடியில் நாங்கள் ஆண்கள் எல்லோரும் சப்பாத்துக்குள் விரல் விறைக்க நின்று, ஆளுக்கொரு ரோல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அரசியல் கதைத்தோம். காலையில் ஹெல்மெட் ஆடியது. பின்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தைக் கடைசிவரை முறுக்கியும் ஆடியது. சாருகாவே சொன்னாள், ‘அப்பா, இது சுத்துது.’ நான் என்ன செய்தேன், என்னுடைய கம்பளித் தொப்பியைக் கழற்றி அவளுக்குப் போட்டு, அதற்கு மேலே ஹெல்மெட்டைப் போட்டு, ‘இப்ப சரி, பார், சூடாவும் இருக்கும்’ என்றேன். பிறகு பட்டியைத் தாடைக்குக் கீழே அவள் தானே கொளுவினாள். டிக் என்று கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நல்ல ஞாபகம். நான் அதை இழுத்தும் பார்த்தேன். பட்டி நல்லாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து அவள் மேலே இருந்து எனக்குக் கை காட்டினாள், நானும் ரோல்ஸ் பிடித்த கையைத் தூக்கிக் காட்டினேன். பலகையின் விளிம்பு எங்கோ பிடித்திருக்கவேண்டும், முன்பக்கமாக விழுந்தாள். அதிலே பயப்பட ஒன்றுமில்லை, அன்று முழுக்க எல்லாப் பிள்ளைகளும் விழுந்தபடிதான். ஆனால் இவள் எழும்பவில்லை.

ஓடினேன். வழுக்கி வழுக்கி நாலு காலால் ஓடினேன், நான்தான் முதலில் போனேன். ஹெல்மெட் தலையை விட்டுப் பின்னால் சரிந்து பிடரியில் கிடந்தது, தொப்பி மேலேறிப் போயிருந்தது, நெற்றி முழுதாக வெளியே. பனி அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது. பட்டி பூட்டியபடி, கழுத்தை நெரித்தபடி. நான் அதைக் கழற்றினேன். அதைக் கழற்றத்தான் வேண்டும், பிள்ளைக்கு மூச்சு முட்டும், அதில் பிழையில்லை, யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். இதை நான் ஆயிரம் தரம் எனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தொப்பியை ஏன் எடுத்தேன்? இரத்தம் ஊறிய தொப்பியை இழுத்து எடுத்து என் ஜாக்கெட்டின் உள்பைக்குள் ஏன் வைத்தேன்? பிள்ளை கண் திறக்காமல் கிடக்கிறது, அந்த நேரத்தில் என் கை மட்டும் இவ்வளவு கெட்டித்தனமாக எப்படி வேலை செய்தது? எனக்கு அதுதான் விளங்கவில்லை. அழுதுகொண்டுதான் செய்தேன். அழுகையும் உண்மை, ஒளித்ததும் உண்மை. சிவப்புச் சட்டை போட்ட மீட்புக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஹெல்மெட் பனியில் கிடந்தது, பட்டி திறந்தபடி. ஒருவன் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான், பட்டி பூட்டியிருந்ததா என்று. சாதாரணமாகத்தான் கேட்டான். இல்லை என்று சொன்னேன். ஒரு சொல். அந்த நேரத்தில் அது பொய் மாதிரிக்கூடத் தெரியவில்லை, முன்னால் கிடக்கிற ஹெல்மெட்டைப் பார்த்துச் சொன்ன பதில் மாதிரித்தான் இருந்தது. பிறகு அந்தச் சொல் தானாக நடக்கத் தொடங்கியது. மீட்புக்காரன் டொக்டருக்குச் சொன்னான், டொக்டர் எழுதினார், நான் வதனிக்கு ஃபோனில் சொன்னேன். பஸ்ஸில் வந்த நாற்பத்தாறு பேருக்கும் அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒரு சொல்லுக் கேக்காதுகள் என்று எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாருகாவுக்கு அன்று காலையிலிருந்து ஒன்றும் ஞாபகமில்லை. அடிபட்டால் அப்படி மறந்துபோவது சகஜம் என்று டொக்டர் சொன்னார். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள். தொப்பியை நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சலவை அறையில் போட்டேன். இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவவேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துவிடும். பதினாறு வருடமாக அதுதானே வேலை. ஒரு பொட்டு இல்லாமல் போனது.

வதனி ஏசினாள். பயந்தவள் ஏசத்தானே செய்வாள். ‘ஒரு பட்டியைக் கொளுவிறதுக்கு உனக்கு என்ன நோ? உனக்கு எல்லாத்திலயும் அவசரம்’ என்று, தலையில் கட்டோடு படுத்திருந்த பிள்ளையை, இரண்டு கிழமை. நான் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்தேன். ‘விடும், பிள்ளைக்கு நோகுது’ என்றேன். பெருந்தன்மையாக. பிள்ளை என்னை நன்றியோடு பார்த்தது. அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இப்போதும், இந்தக் கடைக்குள்ளேயே, எங்காவது போய் முகத்தை மூடிக்கொண்டு நிற்கவேண்டும் போல் இருக்கிறது. இது காணாதென்று வைகாசி மாதத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு விசயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் வகுப்பின் முன்னால் சொல்லவேண்டும். ஒருத்தி தன் முயலைப் பற்றி, ஒருவன் ரயில் எஞ்சினைப் பற்றி. சாருகா எழுதிய தலைப்பு, பட்டியை ஏன் பூட்டவேண்டும் என்பது. பெற்றோர் நாளில் எங்களுக்காக அதை இன்னொரு தரம் செய்தாள். படம் கீறியிருந்தாள், மண்டையோடு, மூளை, அம்புக்குறி. பிறகு தலைமயிரை ஒதுக்கித் தழும்பைக் காட்டி, ‘நான் மறந்துபோனேன், அதனால் இது’ என்றாள். வகுப்பாசிரியை கண் கலங்கி, தன் பிழையைத் தானே சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்கள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எப்படிச் சொல்வது, அத்தனை பேருக்கு முன்னால். அதற்கு முதல் நாள் சொல்லியிருக்கலாம். அதற்கு முதல் மாதம். பொய் என்பது ஆறப்போட்டால் இறுகிக்கொண்டு போகிற சாமான் என்று எனக்கு யார் சொல்லித் தரவேண்டும். ஒவ்வொரு நாளும் நேற்றைக்குச் சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ரெகுலா மூன்று ஹெல்மெட் கொண்டுவந்து வைக்கிறாள். என் கை, இந்த மானங்கெட்ட கை, பெரியதைத்தான் முதலில் தொடுகிறது. எடுத்துவிட்டு, சூடான சாமானைத் தொட்டவன் போல வைக்கிறேன். நடுவிலே இருக்கிற நீலத்தை ரெகுலா சாருகாவின் தலையில் இறக்குகிறாள், புருவத்துக்கு மேலே இரண்டு விரல் வைத்துப் பார்க்கிறாள், பின் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்புகிறாள். சாருகா உடனே பட்டியைக் கொளுவுகிறாள். கழற்றுகிறாள். கொளுவுகிறாள். இழுத்துப் பார்க்கிறாள். உதடு அசைகிறது, எண்ணுகிறாள். இது போன வருடம் தொடங்கிய பழக்கம். வீட்டில் கதவுப் பூட்டு, காரில் இருக்கைப் பட்டி, பள்ளிக்கூடப் பையின் கொளுக்கி எல்லாம் மூன்று தரம். நல்ல பழக்கம் என்று வதனிக்குச் சந்தோசம். ‘இல்லை, முதலில் பட்டியைக் கழற்று’ என்கிறாள் ரெகுலா. ‘இப்போது தலையை ஆட்டு. முன்னால், பின்னால். நல்லா ஆட்டு.’ சாருகா பயந்துகொண்டு ஆட்டுகிறாள். ஹெல்மெட் அசையவில்லை. நெற்றித் தோலும் ஹெல்மெட்டும் சேர்ந்து நகர்கின்றன. ‘பார்த்தாயா, சரியான சைஸ் என்றால் பட்டி இல்லாமலே இருக்கும். பட்டி அதற்குப் பிறகுதான்.’ சாருகா கண்ணாடியைப் பார்க்கிறாள். ரெகுலாவைப் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள், நல்ல தெளிவாக, எனக்கும் விளங்குகிற மாதிரி: ‘பட்டி திறந்திருந்தால் சத்தம் போடுகிற ஹெல்மெட் இருக்கிறதா? நான் மறந்துபோகிற ஆள்.’

மறந்துபோகிற ஆள். பெயர் சாருகா, வயது பதினொன்று, மறந்துபோகிற ஆள். ரெகுலா முதல்தரமாகத் தழும்பைக் காட்டிக் கேட்டாள், அது அப்போது நடந்ததா என்று. ஓம், நான் பட்டியைப் பூட்டவில்லை, ஹெல்மெட் கழன்றுபோனது என்றாள் இவள், வகுப்பில் சொன்ன அதே சொற்களால். ‘கழன்றதா? அது என்ன சைஸ்?’ என்று ரெகுலா கேட்டாள். சாருகா என்னிடம் திரும்பினாள். ‘அப்பா, அது என்ன சைஸ்?’ மறந்துபோச்சு என்று சொல்ல வாய் எடுத்தேன். ம வந்தது, அதற்கு மேல் வரவில்லை. எங்கள் வீட்டில் மறந்துபோகிற ஆள் என்று ஒருத்தி இருக்கிறாள், அந்த வேலையை நான் செய்யமுடியாது. இப்போது சொல்லாவிட்டால் திங்கட்கிழமை இந்தப் பிள்ளை மலையில் நின்று பனியைப் பார்க்காது, சரிவைப் பார்க்காது, தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டு நிற்கும். பிறகும் எண்ணும். என்னுடைய வயதிலும் எண்ணும். எனக்கு வேர்த்தது. குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குள் அரை மணித்தியாலமாக நிற்கிறேன், வேர்க்கத்தானே செய்யும். உட்கார்ந்தேன். சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற சின்ன வாங்கு, உட்கார்ந்தால் அவள் முகம் எனக்கு நேரே வந்தது.

‘பிள்ளை, அது பெரிசு. ஐம்பத்தொன்பது வரைக்கும் போற சைஸ். நான்தான் பெரிசாப் பாத்து வாங்கினனான்.’

‘சரி’ என்றாள். அவளுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை.

‘நீ காலமை சுத்துதெண்டு சொன்னனீ. நான் என்ரை தொப்பியை உள்ளுக்குப் போட்டு விட்டனான். நீ பட்டியைக் கொளுவினனீ. நான் இழுத்தும் பாத்தனான். விழேக்கையும் அது கொளுவினபடிதான் இருந்தது. ஓடிவந்து கழட்டினது நான். தொப்பியையும் நான்தான் எடுத்து ஒளிச்சனான். அவங்கள் கேக்க, நீ கொளுவேல்லை எண்டு சொல்லிப்போட்டன்.’

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், கடையை விட்டு ஓடுவாள் என்றும் நினைத்தேன், எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவள் ஒன்றுமே செய்யாமல் நீல ஹெல்மெட்டோடு நின்றாள். ரெகுலாவுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் விளங்கிவிட்டது போல இரண்டடி தள்ளிப்போய் கையுறைகளை அடுக்கினாள்.

‘அப்ப நான் கொளுவினனானா?’

‘ஓம்.’

‘நான் மறக்கேல்லையா?’

‘இல்லையம்மா. நீ மறக்கேல்லை.’

அவள் முகம் மலர்ந்தது. உண்மையாகவே, என் கண்ணுக்கு முன்னால். பிறந்தநாளுக்கு எதிர்பாராத சாமானைக் கொடுத்தால் மலருமே, அந்த அளவுக்கு. அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் நான் இவளிடமிருந்து எடுத்து வைத்திருந்தது இவ்வளவு பெரிய சாமான் என்று அந்த முகத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. பிறகு அந்த மலர்ச்சி மெல்ல மெல்லப் போனது. வேறு கணக்குகள் அவளுக்குள் ஓடத் தொடங்கியிருந்தன.

‘நான் வகுப்பில எல்லாருக்கும் சொன்னனான்’ என்றாள். ‘நீங்களும் வந்திருந்தனீங்கள்.’

‘ஓம்.’

‘அம்மா என்னை ஏசேக்கை நீங்கள் பக்கத்தில இருந்து தோடம்பழம் உரிச்சனீங்கள்.’

ஓம் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா தெரியவில்லை.

‘அம்மாட்டச் சொல்லுங்கோ. இப்ப.’ ஹெல்மெட்டைக் கழற்றாமல், தன் ஃபோனில் அம்மாவின் பெயரை அழுத்தி, என் கையில் தந்தாள். வதனி வீட்டில்தான் இருந்தாள், தண்ணிக் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் சொன்னேன். பெரிய சைஸ், தொப்பி, பட்டி, என் கை, மீட்புக்காரன் கேட்டது, நான் சொன்னது, ஒன்றும் விடாமல், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணமும் வைத்து. பயந்துபோனேன், யோசிக்கவில்லை, பிறகு சொல்ல வழியில்லாமல் போச்சு. கடைசியில் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை, நிறுத்தினேன். வதனி குழாயை மூடினாள்.

‘பிள்ளையிட்டக் குடுங்கோ’ என்றாள்.

கொடுத்தேன். சாருகா ஹெல்மெட்டுக்கு மேலேயே ஃபோனை வைத்து அழுத்தினாள், கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டினாள். அதனால் எனக்கும் கேட்டது. வதனி அழுதுகொண்டு, அம்மா உன்னைச் சும்மா ஏசிப்போட்டன், அம்மாவை மன்னிச்சுக்கொள்ளு ராசாத்தி, மன்னிச்சுக்கொள்ளு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பிழையும் செய்யாத மனுசி. நான் இவ்வளவு நேரம் இரண்டு பேரிடமும் எத்தனையோ சொல்லியிருந்தேன், அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. ‘பரவாயில்லை அம்மா’ என்றாள் சாருகா, ‘பரவாயில்லை, அழாதேங்கோ.’ அதை அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் எனக்குச் சொல்லவில்லை.